உங்கள் கேள்வி, நம் கொல்லை: உப்புத் தண்ணீர்க்காரர்களுக்கான கைவைத்தியம்

இந்த ஆவணி இதழுக்கு வந்த கடிதங்களைத் திண்ணையில் பரப்பி வைத்துப் படித்தேன். பாதிக்கு மேல் ஒரே சங்கடம்தான்: "வீடியோவில் பார்த்த மாதிரியே செய்தேன் அக்கா, செடி கருகிவிட்டது." அந்த வைத்தியம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆற்றுத் தண்ணீரும் செம்மண்ணும் இருக்கிற ஊரில் அது பலித்திருக்கும். நம் ராமநாதபுரம் கடற்கரையில் இருப்பது மணலும், சிப்பித் துகளும், நாக்கில் வைத்தால் கரிக்கிற போர் தண்ணீரும், வருஷத்தில் நாலைந்து மாசம் விடாமல் வீசுகிற கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றும். அதனால் யார் என்ன வைத்தியம் சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: இது தொட்டிக்குள் உப்பைக் கொண்டுவருமா? கொண்டுவரும் என்றால் எவ்வளவு நல்ல வைத்தியமாக இருந்தாலும் நமக்கு வேண்டாம். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

மாடியில் 30 தொட்டி வைத்திருக்கிறேன். கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாவற்றிலும் இலை ஓரம் தீய்ந்த மாதிரி காய்கிறது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூக்கிறது. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று ஆர்.ஓ. மெஷினில் இருந்து வெளியேறும் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். உரம் போதவில்லையா அக்கா?
– ஒரு வாசகி, கீழக்கரை

உரம் போதாமல் இல்லை தங்கச்சி. அந்தத் தண்ணீரை இன்றே நிறுத்திவிடுங்கள். வீணாக்கக் கூடாது என்ற உங்கள் மனசு எனக்குப் புரிகிறது, தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்து வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும். ஆனால் அந்த மெஷின் செய்கிற வேலையை யோசித்துப் பாருங்கள். நாம் குடிக்கிற தண்ணீரில் இருந்து உப்பைப் பிரித்து, பிரித்த உப்பு அத்தனையையும் அந்தக் கழிவுக் குழாய் வழியாகத்தான் தள்ளுகிறது. உங்கள் போர் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற கணக்கு, 900 என்று வையுங்கள், அதில் பாதி குடிக்கவும் பாதி கழிவாகவும் போனால் கழிவில் 1,700க்கு மேல் நிற்கும். டி.டி.எஸ். 450க்குள் இருந்தால் எந்தச் செடிக்கும் பயமில்லை. 450இல் இருந்து 2,000 வரை செடியைப் பொறுத்தது. அதற்கு மேல் போனால் பெரும்பாலான காய்கறிகளுக்கு ஆகாது. அதிலும் மிளகாய், கத்தரி, பீன்ஸ், வெங்காயம் எல்லாம் உப்புக்குச் சீக்கிரம் சுணங்குகிற இனம்.

தொட்டி விளிம்பில் பூத்திருப்பது அந்த உப்புதான். தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு போக வழியில்லாமல் தங்கிவிடுகிறது. மேல் மண்ணை அரை அங்குலம் சுரண்டி எடுத்துத் தூரப் போடுங்கள். அப்புறம் ஒரு நாள் நல்ல தண்ணீர் கிடைக்கும்போது தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, தொட்டி கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக, விட்டு விட்டு ஊற்றுங்கள். 10 லிட்டர் தொட்டிக்கு 20 லிட்டர். அடியில் வடிகிற தண்ணீர் தட்டில் தேங்கக் கூடாது, தேங்கினால் அதே உப்பு திரும்பவும் மேலே ஏறிவிடும். 30 தொட்டிக்கும் இப்போதே செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும், 600 லிட்டர் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது. ரொம்ப மோசமான ஐந்தாறு தொட்டிக்கு மட்டும் செய்யுங்கள். மற்றதை ஐப்பசி மழையில் திறந்த மாடியில் நன்றாக நனைய விடுங்கள், அதுவே கழுவிக் கொடுத்துவிடும். கழுவிய பிறகு இரண்டு வாரம் எந்த உரமும் வேண்டாம். பிறகு ஒரு கைப்பிடி மக்கிய சாணம் போதும்.

இன்னொன்று. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கிற பழக்கம் உப்புத் தண்ணீருக்கு ஆகாது. விட்டுவிட்டு ஊற்றினாலும் அடியில் வடிகிற அளவுக்கு முழுசாக ஊற்ற வேண்டும், அதுவும் காலையில், இலையில் படாமல் வேர்ப் பக்கத்தில். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை வீடு துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எப்படியும் கரிக்கத்தான் செய்யும் என்றால் கொத்தவரை, பருப்புக்கீரை, காகிதப்பூ, அரளி என்று தாங்குகிற செடியாகப் பார்த்து வையுங்கள். தரையில் இடம் இருந்தால் சப்போட்டா வையுங்கள், நம் மண்ணுக்கு அதைப் போல விசுவாசமான பழ மரம் குறைவு.

கருவாடு கழுவிய தண்ணீர் செடிக்கு நல்லது என்று பக்கத்து வீட்டு மதினி சொன்னார். மீன் கழுவிய தண்ணீரும் ஊற்றலாமா? மீன் அமிலம் வீட்டில் எப்படிச் செய்வது? நாற்றத்துக்கு என்ன செய்வது?
– ஒரு வாசகி, மண்டபம்

மதினி சொன்னதில் பாதி சரி. மீன் நல்லது, கருவாடு ஆகாது. கருவாட்டுக்கு எவ்வளவு உப்புப் போடுகிறோம் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் கழுவுநீர் நேராக வேருக்குப் போனால் செடி தாகத்தில் சாகும், பக்கத்தில் தண்ணீர் இருந்தும் அதை வேரால் உறிஞ்ச முடியாது. பச்சை மீன் கழுவிய தண்ணீர் ஊற்றலாம். கடல் தண்ணீரில் அலசிய மீனாக இருந்தால் முதல் அலசலைக் கொட்டிவிட்டு இரண்டாவது, மூன்றாவது அலசலைக் கொண்டுபோய் ஊற்றுங்கள்.

மீன் அமிலத்துக்குச் சூடை, காரல் மாதிரி விலை குறைந்த மீனோ, வீட்டில் சேர்கிற தலை, குடல், செதிலோ போதும். நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசி, நீரை வடித்துவிட்டுச் சின்னச் சின்னதாக வெட்டிக்கொள்ளுங்கள். மீன் எவ்வளவு எடையோ அவ்வளவு வெல்லம். கருப்பட்டி போட்டாலும் சரிதான், நம் பக்கம் பனங்கருப்பட்டியில் உடைந்து தூளானது மலிவாகக் கிடைக்குமே, அதை வாங்குங்கள். பிளாஸ்டிக் டப்பாவிலோ மண்பானையிலோ ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு வெல்லம் என்று போட்டு, மேலே கால் பங்கு இடம் விட்டு மூடுங்கள். தகர டப்பா வேண்டாம். முதல் வாரம் காற்று சேர்ந்து மூடி வீங்கும், இரண்டு நாளைக்கு ஒரு தடவை லேசாகத் திறந்து மூடினால் போதும். 21 நாள் நிழலில் இருக்கட்டும். நாற்றம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சரியாகப் புளித்திருந்தால் திறந்ததும் பழ வாடை மாதிரிதான் வரும். அழுகல் நாற்றம் அடித்தால் வெல்லம் குறைவு என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் வெல்லம் போட்டுக் கிளறி, பத்து நாள் கழித்துப் பாருங்கள்.

வடிகட்டிய பிறகு தேன் மாதிரி ஒரு திரவம் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன். அதற்கு மேல் தொட்டிச் செடிக்கு வேண்டாம். சாயங்காலம் இலையில் தெளிக்கலாம், வேரிலும் ஊற்றலாம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். நிறைய ஊற்றினால் இலை மட்டும் கருகருவென்று வரும், பூ வராது. பூனைக்குப் பயந்தால் ஊற்றிய இடத்தில் இரண்டு விரல் கனத்துக்கு மண்ணோ சருகோ மூடிவிடுங்கள்.

முட்டை ஓட்டைச் செடிக்குப் போடுகிறேன், ஆறு மாசமாகியும் ஓடு அப்படியே கிடக்கிறது. ஏன்?
– ஒரு வாசகர், பாம்பன்

தூளாக அரைக்காமல் போட்டால் வருஷக் கணக்கில் கிடக்கும் தம்பி. அதைவிட முக்கியம், முட்டை ஓட்டில் இருப்பது சுண்ணாம்பு. உங்கள் ஊர் மண்ணைக் கையில் அள்ளிப் பாருங்கள், பாதி சிப்பித் தூள்தான். அந்த மண்ணுக்கு இன்னும் சுண்ணாம்பு எதற்கு? வேறு ஊரில் செம்மண் தொட்டி வைத்திருக்கிற சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களுக்குக் கொடுங்கள்.

கறிவேப்பிலை வைத்து மூன்று வருஷம் ஆகிறது. புது இலை எல்லாம் மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. புளித்த மோர் ஊற்றினேன், துருப்பிடித்த ஆணி கூடப் புதைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.
– ஒரு வாசகி, உச்சிப்புளி

நீங்கள் இவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதியதால்தான் நோய் எனக்குத் தெரிகிறது. பழைய இலை பச்சையாக இருந்து, புது இலை மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடு போட்ட மாதிரி நின்றால் அது இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லை என்று நினைக்காதீர்கள். இருக்கும், ஆனால் சுண்ணாம்பு மண் அதைப் பூட்டி வைத்துக்கொள்ளும். ஒரு ஸ்பூன் காய்ந்த மண்ணை எடுத்து அதில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். புசுபுசுவென்று நுரைத்தால் சுண்ணாம்பு மண் என்று உறுதி. நான் சொல்கிற வீட்டுச் சோதனைகளில் எனக்குப் பிடித்தது இது, காசு செலவில்லை, அரை நிமிஷத்தில் பதில். ஆணி பலிக்காததற்கும் இதுதான் காரணம். ஆணியில் இருந்து வருகிற இரும்பும் துருவாகி அதே பூட்டுக்குள் போய்விடும்.

மண்ணை விட்டுவிட்டு இலை வழியாகக் கொடுங்கள். நாட்டு மருந்துக் கடையிலோ உரக்கடையிலோ அன்னபேதி (இரும்பு சல்பேட்) கேளுங்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி, அரை எலுமிச்சம்பழச் சாறு. கலக்கியதுமே தெளிக்க வேண்டும், வைத்திருந்தால் பழுப்பேறி வீணாகும். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரண்டு பக்கமும் நனைகிற மாதிரி தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று தடவை. தெளித்து ஒரு வாரம் கறிவேப்பிலை பறிக்க வேண்டாம். சுவரில், தரையில் பட்டால் துருக்கறை படியும், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மஞ்சளித்த இலை முழுக்கத் தேறாமல் போகலாம், அடுத்து வருகிற கொழுந்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மோரை நான் குறை சொல்ல மாட்டேன். தொட்டியில் இருக்கிற கறிவேப்பிலைக்கு அதன் புளிப்பு கொஞ்சம் கை கொடுக்கும், ஒரு பங்கு மோருக்கு எட்டுப் பத்துப் பங்கு தண்ணீர். தரையில் இருக்கிற செடிக்கு, சுற்றிலும் அத்தனை சிப்பி கிடக்கும்போது ஒரு டம்ளர் மோர் என்ன செய்யும்? அப்புறம், சாப்பாட்டுக்கு உப்புப் போட்டுத் தாளித்த மோரின் மிச்சத்தைத் தயவுசெய்து ஊற்றாதீர்கள். மூன்று பேர் அப்படிச் செய்ததாக எழுதியிருக்கிறார்கள்.

முண்டு மிளகாய் நாற்று வைத்தேன். இலை சுருள்கிறது. இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசல் அடித்தும் நிற்கவில்லை.
– ஒரு வாசகர், பெரியபட்டினம்

நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் இருந்து தொட்டியிலும் வைக்கிறார்கள், எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். சுருட்டை என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் எந்தப் பக்கம் சுருள்கிறது என்பதில்தான் மருந்து இருக்கிறது. ஒரு இலையைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஓரம் மேல் பக்கமாக மடங்கி, தோணி மாதிரி இருக்கிறதா? அது இலைப்பேன். ஓரம் கீழ்ப் பக்கமாக மடங்கி, கவிழ்த்து வைத்த தோணி மாதிரி இருந்து, காம்பு நீண்டிருக்கிறதா? அது மஞ்சள் சிலந்தி. இலை சிறுத்து, செடி முழுக்கக் குறுகி, பூவே வராமல் கொத்துக் கொத்தாக நின்றால் வைரஸ்.

தோணி நிமிர்ந்திருந்தால் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீரில் காதி சோப்பைச் சீவிக் கரைத்து, அதில் 3 முதல் 5 மில்லி வேப்பெண்ணெய் விட்டு, வெள்ளையாகப் பால் மாதிரி கலங்கும் வரை கலக்குங்கள். எண்ணெய் தனியாக மிதந்தால் தெளிக்கக் கூடாது, இலை வெந்துவிடும். இலை அடியில்தான் பூச்சி இருக்கும், அதனால் கீழே இருந்து மேலாக அடியுங்கள். வாரம் ஒரு தடவை, மூன்று வாரம். வேப்பங்கொட்டை வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது, 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, துணியில் வடிகட்டி, அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். தோணி கவிழ்ந்திருந்தால் நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 3 கிராம், சாயங்காலம் மட்டும். வேப்பெண்ணெய் அடித்து மூன்று வாரம் ஆகாமல் கந்தகம் அடிக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் இலை கருகும். வைரஸ் என்றால் மனசைத் தேற்றிக்கொண்டு பிடுங்கிவிடுங்கள். ஒரு செடிக்காகப் பத்துச் செடியை இழக்க வேண்டாம்.

இஞ்சிக் கரைசல் விரட்டும், கொல்லாது. பூச்சி வருவதற்கு முன்னால் அடித்தால் பலன் உண்டு. புரட்டாசியில் புதிதாக விதைக்கிறீர்கள் என்றால் முளைத்து நாலு இலை வந்ததில் இருந்தே தொடங்குங்கள்.

மாடியில் பாகல், புடலை ஏற்றினால் கச்சான் காற்றில் கிழிந்து போகிறது. தகர ஷீட் வைத்து மறைக்கலாமா?
– ஒரு வாசகர், ராமேஸ்வரம்

தகரம் வேண்டவே வேண்டாம். பலமான காற்றில் அது பெயர்ந்து யார் தலையிலாவது விழும், அது ஒன்று. முழுக்க அடைத்த மறைப்பில் மோதிய காற்று மேலே ஏறி, மறுபக்கம் சுழன்று விழும், செடிக்கு இன்னும் கேடு, அது இன்னொன்று. நம் பாட்டிமார் தோட்டத்துக்குப் பனை மட்டை வேலி கட்டினார்களே, காற்று பாதி நுழைந்து பாதி தடைபடுகிற மாதிரி, அதுதான் சரி. அப்படிப்பட்ட தட்டி தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை காற்றைத் தணிக்கும். நாலடித் தட்டி ஒரு மாடிக்குத் தாராளம். தென்மேற்கு ஓரமாக வைத்து, கைப்பிடிச் சுவரோடு மூன்று இடத்தில் கயிறு போட்டுக் கட்டுங்கள். மழைக்காலம் வந்து வாடைக்காற்று தொடங்கியதும் அதே தட்டியை வடகிழக்குப் பக்கம் மாற்றுங்கள்.

கொடி ஏற்றப் பழைய மீன்வலை நம் ஊரில் சும்மா கிடைக்கிறது, எல்லோரும் கட்டுகிறார்கள். கட்டுவதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் இரண்டு தடவை ஊறப் போட்டு அலசுங்கள், அதில் இருக்கிற உப்பு மழை பெய்யும்போதெல்லாம் செடியில் வடியும். வலையை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். கீழே ஒரு முழம் இடைவெளி விடுங்கள். போன வருஷம் எங்கள் கொல்லையில் தொங்கிக்கிடந்த வலை நுனியில் ஒரு சாரைப்பாம்பு சிக்கி, நைலான் இழை உடம்பில் பதிந்து, நாங்கள் பார்ப்பதற்குள் செத்துப்போனது. எலியைப் பிடித்துத் தின்கிற பாம்பு அது, நமக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அன்றைக்கே வலையை எல்லாம் இறுக்கிக் கட்டினேன்.

காற்று பலமாக வீசிய நாளில் சாயங்காலம் இலைகளைக் கொஞ்சம் நல்ல தண்ணீர் தெளித்து அலசிவிடுங்கள். இலையில் கை வைத்துத் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

மழைக்காலத்தில் பெரிய பெரிய நத்தையாக வருகிறது. உப்பைத் தூவினால் செத்துவிடும் என்கிறார்களே?
– ஒரு வாசகி, தொண்டி

நத்தை செத்துவிடும் அம்மா, உப்பு பாத்தியிலேயே இருக்கும். இந்த மண்ணுக்கு நம் கையாலும் உப்புப் போட வேண்டாம். சாயங்காலம் ஒரு சாக்கை நனைத்துப் பாத்தி ஓரத்தில் விரித்து, அதன் அடியில் நாலு பப்பாளி இலை வையுங்கள். விடியற்காலம் சாக்கைத் தூக்கினால் மொத்தமும் அங்கேதான் ஒட்டிக்கிடக்கும். கையுறை போட்டோ இடுக்கியாலோ எடுங்கள். அந்தப் பெரிய ஆப்பிரிக்க நத்தை உடம்பில் மனிதருக்கு நோய் தரும் புழு இருக்கலாம், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள், கீரையை நன்றாக அலசிச் சமையுங்கள். உப்பு வைத்தியத்தை ஒரு வாளித் தண்ணீருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், நத்தையை அதில் போட்டு, அப்புறம் தோட்டத்துக்கு வெளியே குழி தோண்டிப் புதையுங்கள். சாம்பல் தூவுவது காய்ந்த நாளில் மட்டும் பலிக்கும், ஒரு தூறல் போட்டால் போயிற்று.

எங்கள் ஊர் மல்லிகைப் பதியன் வெளியூருக்கெல்லாம் போகிறது, என் வீட்டு மல்லிகை மட்டும் தழைக்கிறதே தவிரப் பூக்கவில்லை. என்ன உரம் போடலாம்?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

உரம் வேண்டாம், கத்தரிக்கோல் எடுங்கள். நீங்கள் கடிதத்தில் எழுதியதைப் பார்த்தால் மூன்று வருஷமாகக் கவாத்தே செய்யவில்லை என்று தெரிகிறது. கார்த்திகை தொடக்கத்தில், நவம்பர் கடைசி வாரத்தில், தரையில் இருந்து 50 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலே விட்டு முழுக்க வெட்டிவிடுங்கள். மனசு வராது, எனக்கும் முதல் தடவை வரவில்லை. காய்ந்த குச்சி, குறுக்கே ஓடுகிற குச்சி எல்லாம் போகட்டும். வெட்டிய பிறகு மக்கிய சாணமும் ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கும் கொடுங்கள். புதுக் குச்சியில்தான் மொட்டு வரும், மாசி பங்குனியில் பாருங்கள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படவேண்டும், வேப்பமர நிழலில் இருந்தால் எந்த வைத்தியமும் பலிக்காது.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி. சோப்புத் தண்ணீர் அடித்தால் போகிறது, பத்து நாளில் திரும்ப வருகிறது.
– ஒரு வாசகர், திருப்புல்லாணி

எறும்பைப் பாருங்கள். மாவுப்பூச்சி விடுகிற இனிப்புக்காக எறும்புதான் அதற்குக் காவல் இருக்கிறது. தொட்டியைத் தண்ணீர் ஊற்றிய தட்டில், செங்கல் மேல் வையுங்கள், எறும்புக்கு வழி அடைபடும். பூச்சியைக் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்து உதிர்த்துவிட்டு அப்புறம் சோப்புக் கரைசல் தெளியுங்கள். துணிக்குப் போடுகிற பவுடர் வேண்டாம், அதில் சோடியம் அதிகம், நமக்கு வேண்டாத அதே சாமான்தான்.

தென்னை நார்க்கழிவில் செடி வைத்தால் தண்ணீர் மிச்சம் என்கிறார்கள். நம்பலாமா?
– ஒரு வாசகி, தேவிபட்டினம்

நம்பலாம், கழுவினால். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கயிற்று ஆலையில் இருந்து இரண்டு மூட்டை வாங்கி, அப்படியே தொட்டியில் நிரப்பி, நாற்பது தக்காளி நாற்று வைத்தேன். எட்டாவது நாள் ஒன்று கூட நிற்கவில்லை. அந்தப் பச்சை நாற்றுகள் ஒவ்வொன்றாக இலை நுனியில் இருந்து காகிதம் மாதிரி உலர்ந்ததை இப்போது நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது. மட்டையை உப்பங்கழித் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறார்கள், உப்பு முழுக்க நாருக்குள் இருந்திருக்கிறது. வாங்கும்போது கேட்க எனக்குத் தெரியவில்லை.

வாளியில் போட்டு, தண்ணீர் நிரப்பி, ராத்திரி ஊறவைத்துப் பிழியுங்கள். சாயத் தண்ணீர் மாதிரி வடியும். மூன்று நாலு தடவை பிழிந்து, வடிகிற நீர் வெளுத்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அந்த நார்க்கழிவைப் போட்டுப் பத்துப் பாசிப்பயறு விதையுங்கள். இன்னொரு சிரட்டையில் நல்ல மண்ணில் பத்து. ஐந்து நாளில் இரண்டும் ஒரே மாதிரி முளைத்து, வேர் வெள்ளையாக இறங்கியிருந்தால் பயமில்லாமல் வையுங்கள். நார்க்கழிவில் முளை குறைந்தாலோ, வேர் பழுப்பாகக் குட்டையாக நின்றாலோ இன்னும் இரண்டு தடவை அலசுங்கள். இந்தப் பத்துப் பயறுச் சோதனையை வாங்கிய மண், யாரோ கொடுத்த உரம், சந்தேகப்படுகிற தண்ணீர் எல்லாவற்றுக்கும் செய்யலாம். நாற்பது நாற்றைக் கொடுத்து நான் கற்றது, உங்களுக்குப் பத்துப் பயறோடு போகட்டும்.

கரையில் ஒதுங்கும் கடல்பாசியை உரமாகப் போடலாமா?
– ஒரு வாசகர், ஏர்வாடி

கரையில் தானாக ஒதுங்கியதை மட்டும். பாறையில் பிடுங்காதீர்கள், தீவுப் பக்கம் போகவே வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ம் 1986இல் இருந்து தேசியப் பூங்கா. பாசி எடுத்துப் பிழைக்கிற நம் அக்கா தங்கச்சிகளுக்கே அங்கே எவ்வளவு கெடுபிடி என்று உங்களுக்குத் தெரியும். ஒதுங்கிய பாசியை மழையில் இரண்டு நாள் போட்டு வைத்தால் தண்ணீர் செலவில்லாமல் உப்பு போய்விடும். பிறகு சருகு, சாணத்தோடு சேர்த்து மக்க வையுங்கள், மொத்தக் குவியலில் கால் பங்குக்கு மேல் பாசி வேண்டாம்.

மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள் என்று ஒவ்வொரு மாசமும் எழுதுகிறீர்கள். எங்களிடம் இருப்பது பத்துக்குப் பத்து தகரக் கொட்டகைதான். அதில் என்ன கிடைத்துவிடும்?
– ஒரு வாசகர், வாலிநோக்கம்

கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. பத்தடிக்குப் பத்தடிக் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை, ஐப்பசியில் ஒரே ராத்திரியில் பெய்கிற மழைதான் அது, 230 லிட்டருக்கு மேல் விழும். ஒரு 200 லிட்டர் டிரம் நிறைந்துவிடும். பருவத்தின் முதல் மழையை மட்டும் பிடிக்காதீர்கள், கச்சான் கொண்டுவந்து கூரையில் படிய வைத்த உப்பும் தூசியும் அதில்தான் வரும். டிரம்முக்குக் கொசு வலை கட்டி மூடுங்கள். அந்தத் தண்ணீரை எல்லாச் செடிக்கும் பங்கு போட வேண்டாம். நாற்றுக்கும், இலையில் தெளிக்கிற கரைசல் கலக்கவும் மட்டும் வைத்துக்கொண்டால் தை மாசம் வரை வரும்.

கிணறு தோண்டுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். கடற்கரை மணலில் மழைநீர் லேசானது, கனமான உப்புத் தண்ணீர் மேல் மெல்லிய படலமாக மிதக்கும். தனுஷ்கோடிப் பக்கம் மணலைக் கையால் தோண்டி ஊற்றில் நல்ல தண்ணீர் எடுப்பது அதனால்தான். ஆழமாகப் போர் போட்டு மோட்டாரில் வேகமாக உறிஞ்சினால் கீழே இருக்கிற உப்பு மேலே வந்துவிடும். ஆழம் குறைவாகத் தோண்டுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள்.

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் மதுரை போகிறோம். செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? பாட்டிலைத் துளை போட்டுக் கவிழ்த்தேன், ஒரே நாளில் வடிந்துவிட்டது.
– ஒரு வாசகி, சாயல்குடி

மணலில் பாட்டில் நிற்காது. குயவரிடம் வாய் குறுகிய சின்ன மண்கலயம் வாங்குங்கள், வண்ணம் பூசாதது, சுட்டது, துளை இல்லாதது. அதைச் செடிக்கு ஒரு சாண் தள்ளிக் கழுத்து வரைக்கும் புதைத்து, தண்ணீர் நிரப்பி, சிரட்டையால் மூடிவிடுங்கள். சுற்றி மண் காயக் காயக் கலயம் தானாகக் கசிந்து கொடுக்கும், மண் ஈரமாக இருந்தால் கசிவு குறையும். மேலே பனையோலையோ கடலைத் தொலியோ நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கலயத்தின் நுண்துளை அடைபடும், அப்போது தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தால் திரும்பக் கசியும். கல்யாணத்துக்குக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னாலேயே புதைத்து, ஒவ்வொரு நாளும் எவ்வளவு குறைகிறது என்று ஒரு குச்சியை விட்டு அளந்து பாருங்கள். மூன்று நாளில் பாதிக்கு மேல் குறைந்தால் அந்தச் செடிக்கு இன்னொரு கலயம் சேர்த்துப் புதைத்துவிட்டுப் போங்கள்.